சம்பந்தி வீட்டுக் காளான்

அக்டோபர் 23, வியாழன்

பெயர்: தமயந்தி. வயது: 61. மாதிரி பெறப்பட்ட இடம்: சம்பந்தி வீடு, செங்கோட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் கல்லத்தியூர். முப்பத்து மூன்று வருடம் அரசு மருத்துவமனை லேபில் அடுத்தவர் ரத்தத்தைப் பற்றி எழுதிய கை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. போகட்டும்.

தீபாவளியன்று காலை மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் இறங்கி, சென்னையில் என் ஃபிளாட்டின் கூரைப் பூச்சு பொத்தென்று சாப்பாட்டு மேசைமேல் விழுந்தது. அதிரசம் தட்டோடு போயிற்று. மேஸ்திரி மூன்று வாரம் ஆகும் என்றார். தோஹாவிலிருந்து மகள் சாரு, "நீ தனியா லாட்ஜ்ல எல்லாம் இருக்க வேணாம்மா, அத்தை வீட்டுக்குப் போ" என்றாள். அத்தை என்றால் அவள் மாமியார் ஆவுடையம்மாள். அடுத்த நாளே மாப்பிள்ளை டிக்கெட் போட்டுவிட்டார்.

என் அம்மா என் புகுந்த வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாதாம். நான் அதைக் கேலி செய்து சிரித்தவள். இன்று அதே மாதிரி வீட்டில் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறேன், மூன்று வாரத்துக்கு. ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி போட்டு, "உக்காருங்க மதினி, எந்திரிக்கவே கூடாது" என்றாள் ஆவுடையம்மாள். இங்கே சம்பந்திக்காரியை மதினி என்பார்களாம். கைதியைக்கூட நடக்க விடுவார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

இட்லி. கேட்டது மூன்று, வைத்தது ஆறு.

அக்டோபர் 25, சனி

காபி குடித்த டம்ளரைக் கழுவப் போனேன். பின்னாலேயே வந்து பிடுங்கினாள். "ஐயையோ, விருந்தாளிய அடுப்படிக்குள்ள விட்டா ஊரு என்ன பேசும்? போயி உக்காருங்க." அடுப்படி வாசலில் ஒரு கோடு போடாத குறைதான்.

தெருவில் வந்த வண்டியில் நல்ல முருங்கைக்காய் இருந்ததே என்று ஒரு கட்டு வாங்கினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்ல காயி இல்லன்னா மதினி வாங்கிட்டு வந்திய?" போன வாரம் பேரிக்காய் வாங்கி வந்த ஒரு உறவுக்காரருக்கும் இதே கதிதானாம், பழம் பசு மாட்டுக்குப் போனதாம். சொன்னவர் அவள் கணவர் சங்கரலிங்கம். இந்த ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்கிறேன். ஓய்வு பெற்ற சர்வேயர். ரேடியோவும் அவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

காசு கொடுத்து வாங்கிய எதையும் இந்த வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. வேலை செய்யவும் முடியாது. அப்படியென்றால் மூன்று வாரமும் தின்றுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு அது முடியாது. தலை குனிந்து சாப்பிட எனக்குப் பழக்கமில்லை.

பின்குறிப்பு: என் வெள்ளைக் கைத்தறிச் சேலையைப் பார்த்து, "இந்த மஞ்சச் சேல நல்லாருக்கு மதினி" என்றாள். மஞ்சளாம்! நான் துவைத்து உடுத்துவதில்லை என்று குத்திக் காட்டுகிறாள்.

அக்டோபர் 27, திங்கள்

மத்தியானம் இடி. ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்ந்தது. அண்ணாச்சி ரேடியோவை நிறுத்திவிட்டு, "இடி இடிச்சிட்டு. நாளைக்கு வெள்ளனே ஒங்க மதினி காளானுக்குப் போயிருவா பாருங்க" என்றார். குரலில் பெருமை.

அக்டோபர் 28, செவ்வாய்

போனாள். ஏழு மணிக்குத் திரும்பினாள், கணுக்கால் வரை சேறு, சேலைக் கரை ஈரம், கையில் மஞ்சப்பை நிறைய காளான். புற்றுக் காளானாம். ஒவ்வொன்றும் நடுவில் கூர்மையான குடை, கீழே முழ நீளத்துக்கு வேர் மாதிரி ஒரு வால்.

சின்ன வெங்காயம், தேங்காய், மிளகு, சோம்பு அரைத்துவிட்டுக் குழம்பு. உள்ளதை எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்: அறுபத்தொரு வருடத்தில் இப்படி ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. இரண்டாம் முறை சோறு கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"எங்கே பறிச்சீங்க?" என்றேன்.

"அங்கனதான்" என்று கையை ஒரு வீசு வீசினாள். அந்த வீச்சுக்குள் கேரள எல்லையிலிருந்து தென்காசி வரை எல்லாம் அடங்கும்.

அண்ணாச்சி பிறகு விளக்கினார். இங்கே காளான் இடத்தைப் பெண்கள் யாருக்கும் சொல்ல மாட்டார்களாம். கூடப் பிறந்தவளுக்கும் கிடையாது. நேர் வழியில் போக மாட்டார்கள், வந்த வழியில் திரும்ப மாட்டார்கள். "கல்யாணமாகி நாப்பது வருசம். எனக்கே தெரியாது. ஊரையே அளந்தவன் நான்."

சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் பளிச்சென்று பட்டது. காளான் யார் வீட்டுச் சொத்தும் இல்லை. காசு கொடுத்து வாங்குவதும் இல்லை. அதை நான் கொண்டுவந்தால் மாட்டுக்குப் போட முடியாது!

முடிவு செய்துவிட்டேன். ஊருக்குக் கிளம்புவதற்குள் என் கையால் காளான் பறித்து வருவேன். அது இந்த வீட்டு அடுப்பில் வேகும். அதை ஆவுடையம்மாள் தின்பாள். அப்புறம் தலை நிமிர்ந்து ரயில் ஏறுவேன்.

அக்டோபர் 29, புதன்

மாதிரி எண் 1: பட்டுப்போன தென்னை மரத்தடியில். சாம்பல் நிறம், பிசுபிசுப்பு. ஆவுடையம்மாள் முகர்ந்துவிட்டு, "இது நாய்க்கே ஆவாது" என்று வேலிக்கு வெளியே போட்டாள்.

மாதிரி எண் 2: விறகுக் கட்டையில் காது மாதிரி. வேலிக்கு வெளியே.

மாதிரி எண் 3: சாணக் குவியலில். கொண்டுவரும் வழியிலேயே மை மாதிரி கரைந்து என் கைப்பையைக் கெடுத்தது.

மாதிரி எண் 4: பள்ளிக்கூட மைதானத்தில் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் குடை, ஏழெட்டு. தங்கப் புதையல் கிடைத்தவள் மாதிரி ஓடி வந்தேன். தொட்டுப் பார்த்ததும் அவள் குரல் மாறிவிட்டது.

"இது பேதிக் காளான் மதினி. நல்லதாட்டமே இருக்கும். வேரு இருக்காது, அடி உள்ளி வெங்காயம் மாரி உருண்டு நிக்கும். முத்துனா குடைக்கு அடிப்பக்கம் பச்ச ஏறும். பச்சயக் கண்டா தொடவே கூடாது. எங்க சித்தி மவன் தின்னுட்டு மூணு நாளு ஆஸ்பத்திரில கெடந்தான்."

சொல்லித் தருகிறாளா, பயமுறுத்துகிறாளா தெரியவில்லை. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

விஷக் காளானைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்றார் அண்ணாச்சி. பூண்டோடு வேகவைத்தால் பூண்டு கறுக்குமாம். வெள்ளி போட்டாலும் கறுக்குமாம். நாங்கள் இருவரும் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் கல் அடுப்பு கூட்டினோம். ஆவுடையம்மாள் குளிக்கப் போயிருந்த நேரம். அண்ணாச்சி உள்ளே போய்க் கள்ளத்தனமாக ஒரு வெள்ளிக் கரண்டி எடுத்து வந்தார். பார்த்தால் சாரு கல்யாணத்துக்கு நான் சீரில் வைத்த கரண்டி.

நான் லேப்காரி. ஒப்பிட்டுப் பார்க்காமல் ரிசல்ட் எழுத மாட்டேன். முந்தாநாள் குழம்புக்கு மிஞ்சிய நல்ல காளானில் இரண்டை ஒரு சட்டியிலும் பேதிக் காளானை இன்னொரு சட்டியிலும் போட்டோம். பூண்டு இரண்டிலும் வெள்ளையாகவே வெந்தது. கரண்டி இரண்டிலும் ஒரே மாதிரிதான் மங்கியது. ஆக, இந்த இரண்டு சோதனையையும் நம்பினால் நேரே ஆஸ்பத்திரிதான். தெரிய வந்த ஒரே உண்மை, அந்த நகைக்கடைக்காரர் சொன்ன அளவுக்குக் கரண்டியில் வெள்ளி இல்லை என்பது. அதை அண்ணாச்சியும் கவனித்துவிட்டார். பெரிய மனுஷர், கரண்டியைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டார்.

அக்டோபர் 31, வெள்ளி

நம்பக்கூடிய வழி ஒன்று நேற்று ராத்திரி எனக்கே நினைவு வந்தது. குடையை மட்டும் அறுத்து, வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளர் மூடி ஒரு ராத்திரி வைத்தால் அதன் தூள் கொட்டிப் படம் விழும். ஒவ்வொரு காளானுக்கும் ஒரு நிறம். தடிமனான வெள்ளைத் தாளுக்கு எங்கே போக? பீரோவில் சாரு கல்யாணப் பத்திரிகை இருநூறு மிச்சமிருந்தது. அதன் பின்பக்கத்தில் வைத்தேன்.

காலையில் பார்த்தால் பேதிக் காளானுக்கு அழகான பாசிப் பச்சை வட்டம். நல்ல காளானுக்கு இளம் ரோஜா நிறம். முன்பக்கம் இரண்டு குடும்பத்தின் பெயர்கள், பின்பக்கம் விஷமும் விருந்தும். ஆவுடையம்மாளிடம் காட்டினேன். கையை நீட்டித் தூரமாகப் பிடித்து, கிட்டே கொண்டுவந்து, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று கொடுத்துவிட்டாள். இரண்டுமே நல்லா இருக்கிறதாம். என் விஞ்ஞானத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

நவம்பர் 2, ஞாயிறு

நேற்று மறுபடி இடி. இன்று பின்தொடர்ந்தேன். வெட்கம் கெட்ட வேலைதான், ஆனால் அவசியம்.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினாள். நான் இருபது அடி பின்னால், முக்காடு போட்டுக்கொண்டு. தோப்புப் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தால் நேரே மெயின் ரோட்டுக்குப் போனாள். பஸ் ஸ்டாப்பில் நின்றாள். நான் புளிய மரத்துக்குப் பின்னால். முதல் பஸ் வந்தது. கூடையோடு ஒரு பெண் இறங்கினாள். கூடையிலிருந்து காளான் மஞ்சப்பைக்கு மாறியது. காசும் கை மாறியது!

அதோடு முடியவில்லை. திரும்பும் வழியில் வாய்க்காலில் இறங்கி, ஜாக்கிரதையாகச் சேற்றை எடுத்துக் கணுக்காலில் பூசிக்கொண்டாள். சேலைக் கரையை நனைத்துக்கொண்டாள். முகத்தில் மேக்கப் போடுகிற சினிமாக்காரி தோற்றாள்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வயிறு வலித்தது. அந்தப் பெருமை, அந்தக் கை வீச்சு, "அங்கனதான்"! மத்தியானச் சாப்பாட்டில், அண்ணாச்சி முன்னால், ஆற அமரப் போட்டு உடைப்பது என்று முடிவு செய்தேன்.

மத்தியானம்: உடைக்கவில்லை. கீரையில் ஒரு ரப்பர் பேண்ட் கிடந்தது. கட்டு போட்டிருந்த ரப்பர் பேண்ட், கீரையோடு கடைந்திருக்கிறது. நான் எடுத்து மடியில் மறைத்துக்கொண்டேன். ஏன் மறைத்தேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

துருப்புச் சீட்டை அவசரப்பட்டு இறக்கக் கூடாது. அதனால்தான் சொல்லவில்லை. வேறு காரணம் இல்லை.

நவம்பர் 5, புதன்

ஊசியில் நூல் கோக்க அண்ணாச்சியைக் கூப்பிட்டாள். கேஸ் சிலிண்டர் மெசேஜையும் அவர்தான் படித்தார். ரசத்தில் உப்பு இரண்டு தடவை. படியில் கால் வைக்குமுன் பெருவிரலால் தொட்டுப் பார்க்கிறாள். என் பச்சைப் புடவையைக் கறுப்பு என்றாள். வெள்ளை மஞ்சளாம், பச்சை கறுப்பாம்.

முப்பத்து மூன்று வருடம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவள் நான். எதிரே உட்கார்ந்திருக்கும் கண்ணைப் பார்க்க இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. சேலையைக் குத்திக் காட்டுகிறாள் என்று எழுதி வைத்த பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். ரிஜிஸ்டரில் பக்கம் கிழிக்கக் கூடாது.

நவம்பர் 6, வியாழன்

மேஸ்திரி போன் செய்தார். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டதாம், சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டாராம். சாருவிடம், "இன்னும் ஒரு வாரம் ஆகும்டி, பெயிண்ட் காயணும், அந்த வாசனை எனக்கு ஆகாது" என்றேன். இது பொய் இல்லை. பெயிண்ட் வாசனை எனக்கு ஆகவே ஆகாது.

சாயங்காலம் முற்றத்தில் நானும் ஆவுடையம்மாளும் பீன்ஸ் நார் உரித்தோம். அதாவது அவள் உரித்தாள், நான் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி போடுவேன். என் கணவர் போனபிறகு ஆறு வருடமாக அப்படித்தான். இங்கே போட ஞாபகமே வரவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

பெரிய இடி, பெரிய மழை.

நவம்பர் 8, சனி

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

காலையில் ஆவுடையம்மாள் போய், பஸ் போன பிறகும் வெகு நேரம் வரவில்லை. கூடைக்காரி வராமல் இருந்திருக்க வேண்டும். அண்ணாச்சி நேற்றே, "இந்த இடிக்குக் காளான் வரலன்னா ஒனக்கு வயசாயிட்டுன்னு அர்த்தம்" என்று கேலி செய்திருந்தார். ஒன்பது மணிக்கு வந்தாள். பூசிய சேறு இல்லை, நிஜச் சேறு. முழங்கையில் சிராய்ப்பு. மஞ்சப்பை நிறைய. "பாத்தியளா!" என்று அண்ணாச்சி முன்னால் பையைத் தூக்கிக் காட்டினாள். கல்யாணப் பெண் மாதிரி முகம் மலர்ந்திருந்தது. பையை யாரிடமும் கொடுக்காமல் அடுப்படிக்கு எடுத்துப் போனாள்.

நான் நாற்காலியில் இருந்தேன். அடுப்படி வாசல் வழியே அவள் ஆய்ந்து போட்ட குப்பை தெரிந்தது. அதில் ஒரு காளான் அடி. வால் இல்லை. வெங்காயம் மாதிரி உருண்டை.

எழுந்தேன். பத்தொன்பது வயதில் ஓடிய வேகத்தில் ஓடினேன். அவள் போடாத கோட்டையெல்லாம் தாண்டி உள்ளே போய் அடுப்பை அணைத்தேன். சட்டிக்குள் வெங்காயத்தோடு வதங்கிக்கொண்டிருந்தவற்றில் மேலாக இருந்த இரண்டு துண்டின் அடிப்பக்கம் பச்சை. சந்தேகமே இல்லாத பச்சை. சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னங்குழியில் கொட்டினேன். வேகாமல் கிடந்த ஒரே ஒரு குடையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் ஆவுடையம்மாள் கரண்டியோடு நிற்கிறாள். "என் அடுப்புல கை வைக்கியளோ? என்ன தைரியம் மதினி ஒங்களுக்கு? சாப்பாட்டக் குழில கொட்டுதிய!" இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அண்ணாச்சி ரேடியோவை அணைத்துவிட்டு வந்து நின்றார். "என்னாச்சு, என்னாச்சு?"

என்ன ஆயிற்று என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். உங்கள் மனைவிக்குக் கண் தெரியவில்லை. ஒரு வாரமாக வைத்திருந்த துருப்புச் சீட்டு கையில் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தேன். கோபத்துக்குப் பின்னால் பயம் எட்டிப் பார்த்தது. நான் எதைக் கண்டுவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என் தப்பு அண்ணாச்சி" என்றேன். "காலையில நான் மைதானத்துல பொறுக்கின மாதிரிய வச்சிருந்தேன். தெரியாம அவங்க பையில கொட்டிட்டேன். பேதிக் காளான். இப்பத்தான் ஞாபகம் வந்தது."

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நல்ல லேப்புக்காரி! ஊரையே கொன்னுருப்பியளே! இனி காளான் பக்கமே போகாதீங்க தாயே!"

ஆவுடையம்மாள் சிரிக்கவில்லை. அந்தப் பை அவள் கையை விட்டு எங்கேயும் போகவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இனிமேல் இந்த வீட்டில் நான் தங்கத்தைக் கொண்டுவந்தாலும் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். தலை நிமிர்ந்து ரயில் ஏறுவதாவது! போகட்டும். மூன்று பேரும் உயிரோடு தயிர் சோறு சாப்பிட்டோம்.

நவம்பர் 9, ஞாயிறு

அண்ணாச்சி கடைத்தெருவுக்குப் போன நேரத்தில் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு அடுப்படி வாசலுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். "வாங்க, உள்ள வாங்க" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"இது நேத்துக் காளானோட தூள். என்ன நிறம் சொல்லுங்க."

வெகு நேரம் பார்த்தாள். "வெள்ளையா... சாம்பலா..." அப்புறம் அட்டையைக் கீழே வைத்துவிட்டாள். "பச்சயா மதினி?"

"பச்சை."

அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு வருசமா எல்லாம் பொகயாத் தெரியி. கல்யாணத்தன்னைக்கு ஒங்க முகமே எனக்குச் சரியாத் தெரியல. மனசுல ஒரு கணக்கு வச்சு சமைக்கேன். உப்பு டப்பா மூணாவது, மல்லி நாலாவது. இவுகளுக்குத் தெரிஞ்சா மவங்கிட்ட சொல்லுவாக. அவன் சமையலுக்கு ஆளு போடுவான். என்னைய அந்த நாக்காலில உக்கார வச்சிருவாக." ஃபேனுக்குக் கீழே இருந்த என் நாற்காலியைக் காட்டினாள். "அடுப்படிய விட்டா எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க?"

அந்த நாற்காலி எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு நான் மூக்கைச் சிந்திவிட்டு, "இது கண்புரைங்க. இருபது நிமிஷ ஆபரேஷன். ஆயிரம் பேருக்கு நான் ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கேன். ஒருத்தர்கூட அடுப்படிய விட்டதில்ல" என்றேன்.

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும் இல்ல மதினி."

மதினி என்ற வார்த்தை என் வாயில் முதல் தடவையாக வந்தது. சென்னைக்காரி வாயில் அது கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

நவம்பர் 10, திங்கள்

விடியும்போது என்னை எழுப்பினாள். "செருப்பு வேண்டாம். வாங்க."

எந்த வழியில் போனோம் என்று எழுத மாட்டேன். இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால்? ஒரு வாய்க்கால், ஒரு தோப்பு, ஒரு பழைய புற்று. அவ்வளவுதான் சொல்ல முடியும். கூடப் பிறந்தவளுக்கும் சொல்லாத இடத்துக்குச் சம்பந்திக்காரியைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். உண்மையில் பாதி தூரம் நான்தான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

"கண்ணுதான் மங்கல், காலு மறக்கல" என்றாள். புற்று ஓரத்தில் மண்ணைப் பாதத்தால் அழுத்தி, "இங்கன பாருங்க, மண்ணு பொதுக்குன்னு இருக்கு" என்றாள். குனிந்து பார்த்தேன். வெடித்த மண்ணுக்குள்ளிருந்து கூர் மூக்கோடு இருபது முப்பது குடைகள்! நான் வாய்விட்டுக் கத்தினேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

பிடுங்கக் கூடாது, குச்சியால் மண்ணைத் தோண்டி வேரோடு எடுக்க வேண்டும். வேர் புற்றுக்குள் இறங்கிப் போகிறதா என்று அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அடிப்பக்கத்தின் நிறத்தை நான் பார்த்தேன். இரண்டு பேரும் சரி என்றால்தான் பையில். யாராவது ஒருத்தி தயங்கினால் அது அங்கேயே கிடக்கட்டும். ஐந்தாறைத் தூக்கிப் போட்டோம், ஒன்றுக்காகச் சண்டையும் போட்டோம்.

வரும்போது வாய்க்காலில் கால் கழுவினோம். "போன வாரம் இங்கதான் சேறு பூசுனீங்க" என்றேன். சட்டென்று நின்றுவிட்டாள். "பாத்தியளா?" "பார்த்தேன்." "சவத்த, அந்தப் புளிய மரத்துப் பின்னால ஒரு மஞ்சச் சேல நின்னுச்சே, நீங்களா!" இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் சிரித்தோம்.

அண்ணாச்சியிடம் கண் விஷயத்தை அவளே சொன்னாள். அவர் ரேடியோவை அணைத்துவிட்டு, "நாலு மாசமா கஞ்சில கல்லு கடிக்கும்போதே நெனச்சேன்" என்றார். "சொன்னா வருத்தப்படுவியேன்னு முழுங்கிட்டேன்."

நவம்பர் 13, வியாழன்

தென்காசியில் வலது கண் ஆபரேஷன் முடிந்தது. இருபத்திரண்டு நிமிடம். நான் சொன்னதைவிட இரண்டு நிமிடம் அதிகம் என்று வெளியே வந்ததும் கணக்குக் கேட்டாள். டாக்டர் சொன்னது: தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, இரண்டு வாரம் அடுப்புப் பக்கமே போகக் கூடாது.

நான் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். யாரும் தடுக்கவில்லை.

நவம்பர் 15, சனி

கறுப்புக் கண்ணாடி போட்டு ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். இட்லி கேட்டது இரண்டு, வைத்தது ஐந்து. டம்ளரைக் கழுவ எழுந்தாள். பிடுங்கிவிட்டேன்.

"ஊரு என்ன பேசும் மதினி? சம்பந்திக்காரிய வேல வாங்குதேன்னு சொல்லாது?"

"சொல்லட்டும். போய் உக்காருங்க."

என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் பாத்திரம் கழுவியதில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மதினி, இது வெள்ளச் சேலயா?" "ஆமா." "கல்யாணத்துலயும் இப்படி ஒண்ணு கட்டியிருந்தியளே, அதுவும் வெள்ளையா?" "அது சந்தனக் கலரு." என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "ஒங்க தல இம்புட்டு நரச்சிருக்கே!" கண் நன்றாகத்தான் தெரிகிறது.

பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்ல பெயிண்டு காஞ்சிட்டா?" என்றாள்.

நான் டம்ளரைக் கழுவ வேண்டும் என்று எழுந்தேன்.

"ஒங்க மேஸ்திரி போன்ல கத்துனது அன்னைக்கே எனக்குக் கேட்டுச்சு. கண்ணுதான மங்கல், காது நல்லாத்தான இருக்கு" என்றாள். "இடது கண்ணு மார்கழில. அதுவர காயட்டும்."

நவம்பர் 20, வியாழன்

நேற்று இடி இடித்தது. விடியுமுன் நான் தனியாகப் போனேன், செருப்பில்லாமல். நேர் வழியில் போகவில்லை, வந்த வழியில் திரும்பவில்லை. தோண்டி, வேர் தடவி, அடிப்பக்கம் பார்த்து, சந்தேகப்பட்டதையெல்லாம் அங்கேயே விட்டு, பதினேழு காளான் கொண்டு வந்தேன். மறுநாள் காலை வரை பொறுக்க முடியாது என்றாலும் இரண்டு குடையைப் பத்திரிகையில் கவிழ்த்து மாலை வரை வைத்தேன். இளம் ரோஜா.

அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு, லேப்புக்காரி கொண்டாந்ததா? எனக்குத் தயிர் சோறு போதும்" என்றார். சொல்லத்தான் செய்வார். அந்தப் பழியை நானேதான் வாங்கி வைத்திருக்கிறேன்.

காளானைத் தட்டில் பரப்பி, பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். இப்போது அவளுக்கு எல்லா நிறமும் தெரிகிறது. நாற்பது வருடம் பழகிய விரல் வேறு. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கட்டும் என்று மடியில் தட்டை வைத்துவிட்டு, லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு வந்தவள் மாதிரி நின்றேன்.

அவள் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. தட்டை அப்படியே என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க பாத்தாச்சுல்லா? அடுப்புல போடுங்க மதினி, பசிக்கி."